ஒன்றே செய்யும் சில்லும் எல்லாம் செய்யும் சில்லும்

பணிநிலையம் என்பது ஒருவர் தம் மேசையில் வைத்துக்கொண்டு, தொழிலுக்குத் தேவையான கனமான கணக்கீடுகளைச் செய்துகொள்ளும் ஆற்றல் மிகுந்த கணினி. பாலத்தின் வலிமையைச் சோதிக்கும் பொறியாளர், திரைப்படக் காட்சிகளைத் தொகுப்பவர், மூலக்கூறுகளின் அசைவை ஆராயும் வேதியியலர் எனப் பலரின் அன்றாட வேலை அதைச் சார்ந்திருக்கிறது. அதை வடிவமைப்பவர்கள் முன் 1970களிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. எந்த வேலையையும் நிரல் வழியாகச் செய்யக்கூடிய பொதுச் செயலி ஒன்றே போதுமா? இல்லை, குறிப்பிட்ட ஒரு வேலைக்கென்றே உருவான சிறப்புச் செயலியும் வேண்டுமா?

இக்கேள்விக்குக் காலத்துக்குக் காலம் வேறுவேறு விடை கிடைத்திருக்கிறது. அந்த விடைகளை வரிசையாகப் பார்த்தால், சிறப்புச் செயலி இன்று எத்தனை மடங்கு வேகமானது என்பதைவிட, பக்கத்தில் நிற்கும் பொதுச் செயலி ஆண்டுக்கு எவ்வளவு வளர்கிறது என்பதே முடிவைத் தீர்மானித்திருப்பது புலப்படும்.

பொதுமைக்குக் கொடுக்கும் விலை

பொதுச் செயலி ஒவ்வொரு சிறு வேலைக்கும் ஒரு கட்டளையை நினைவகத்திலிருந்து எடுத்துவர வேண்டும். அது என்ன கட்டளை என்று பிரித்தறிந்து, எண்களைப் பதிவகங்களிலிருந்து எடுத்து, கணக்கிட்டு, விடையைத் திரும்ப வைக்க வேண்டும். இந்த நடைமுறைச் செலவின் அளவை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் ஹோரோவிட்ஸ் 2014இல் எடுத்துக்காட்டினார். 45 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் இரண்டு 32 பிட் முழு எண்களைக் கூட்டுவதற்குச் சுமார் 0.1 பிக்கோஜூல் ஆற்றல் போதும். அதே கூட்டலை ஒரு கட்டளையாகப் பொதுச் செயலியில் நிறைவேற்றினால் மொத்தச் செலவு சுமார் 70 பிக்கோஜூல். கூட்டலுக்கு ஒரு பங்கு என்றால், அந்தக் கூட்டலை ஏவி நிர்வகிப்பதற்கு ஏறக்குறைய எழுநூறு பங்கு போகிறது.

சிறப்புச் செயலியின் வலிமை இங்கேதான் பிறக்கிறது. செய்ய வேண்டியது முன்கூட்டியே தெரிந்திருப்பதால், ஒரே கட்டளையில் நூறு கூட்டல்களையோ ஆயிரம் பெருக்கல்களையோ ஏவலாம். ஒரு படியின் விடை நினைவகத்துக்குப் போகாமல் நேரே அடுத்த படிக்குள் நுழையும்படி கம்பிகளை அமைக்கலாம். வேலைக்கு 8 பிட் துல்லியம் போதுமென்றால் 8 பிட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதற்கு ஈடாக இழப்பவையும் உண்டு. வேலையின் வடிவம் மாறினால் சில்லு பயனற்றுப்போகும். விற்பனை எண்ணிக்கை குறைவாக இருந்தால், வடிவமைப்புச் செலவு ஒவ்வொரு சில்லின் விலையிலும் கனமாக ஏறும். அதற்கென்று, நிரலைச் சில்லின் கட்டளைகளாக மாற்றும் தனித் தொகுப்பிகளும் நிரல்களும் எழுதப்பட வேண்டும். இத்தனைக்கும் சில ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில் பொதுச் செயலி சும்மா இருப்பதில்லை.

ஆல்டோ: ஒரே செயலி, பதினாறு வேலைகள்

கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1973இல் உருவான ஆல்டோ, பிற்காலப் பணிநிலையங்களுக்கெல்லாம் முன்னோடி. அதன் வன்பொருளை வடிவமைத்தவர் சக் தாக்கர். 606க்கு 808 புள்ளிகள் கொண்ட திரை, வட்டு, சுட்டி, ஈதர்நெட் வலை என அன்று ஒருசேரக் காணக் கிடைக்காத உறுப்புகள் எல்லாம் அதில் இருந்தன. இவை ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுப்பாட்டுச் செயலி வைப்பதே அன்றைய வழக்கம்.

தாக்கர் வேறு வழியில் சென்றார். ஒரே செயலியின் நுண்நிரலைப் பதினாறு பணிகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார். ஒவ்வொரு பணிக்கும் ஒரு முன்னுரிமை உண்டு. திரைக்கு அடுத்த வரி தேவைப்படும்போது செயலி அங்கே ஓடும். வட்டிலிருந்து ஒரு சொல் வந்தால் அதை வாங்கிவைக்கும். வேறு எந்த அவசரமும் இல்லாத வேளையில்தான் பயனரின் நிரல் நகரும். சுற்றுகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்ததால், ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணினி தருவது கைக்கெட்டும் இலக்காயிற்று.

இதற்கான விலை திரையில் தெரிந்தது. 606க்கு 808 என்றால் 4,89,648 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பிட் வீதம் சுமார் 60 கிலோபைட். தொடக்க ஆல்டோவின் 128 கிலோபைட் நினைவகத்தில் ஏறக்குறைய பாதி திரைப்படிமத்துக்கே போயிற்று. அப்படிமத்தை நொடிக்கு 30 முறை திரைக்கு அனுப்பும் வேலை, செயலியின் நேரத்தில் பாதிக்கும் மேல் விழுங்கியது. திரையை அணைத்துவிட்டால் கணக்குகள் விரைந்து முடியும். பொதுச் செயலி ஒன்றே எல்லாப் பொறுப்பையும் சுமக்கும்போது, ஓயாமல் நடக்கும் எளிய வேலை ஒன்று மற்றெல்லாவற்றையும் மெதுவாக்கிவிடும் என்பதற்கு இது தெளிவான சான்று.

மறுபிறவிச் சக்கரம்

அப்படியானால் திரைக்கென்று தனிச் செயலி வைத்துவிடலாமே என்று தோன்றும். அந்த வழியில் காத்திருக்கும் சுழலை டி. எச். மையர், ஐவன் சதர்லேண்ட் இருவரும் 1968இலேயே ஒரு கட்டுரையில் விளக்கியிருந்தார்கள். அவர்கள் ஒரு திரைச் செயலியை வடிவமைக்க முனைந்தார்கள். முதலில் புள்ளிகளை வரையும் எளிய சுற்று; பிறகு கோடு வரையும் கட்டளை; பிறகு ஒரே உருவைப் பலமுறை வரைவதற்குத் துணைநிரலுக்குத் தாவும் வசதி; பிறகு நிபந்தனை பார்த்துக் கிளைக்கும் வசதி. ஒவ்வொரு சேர்க்கையும் நியாயமானதாகவே இருந்தது. முடிவில் எதிரே நின்றது ஒரு முழுப் பொதுக் கணினி. இனி அந்தக் கணினியின் சுமையைக் குறைக்க மறுபடி ஓர் எளிய திரைச் சுற்று தேவைப்படும். இந்தச் சுழலுக்கு அவர்கள் மறுபிறவிச் சக்கரம் என்று பெயரிட்டார்கள்.

இக்கட்டுரையின் பாடம் இன்றும் செல்லும். சிறப்புச் செயலியில் எந்த வசதியோடு நிறுத்திக்கொள்வது என்பதை வடிவமைப்பவர் முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும். இல்லையெனில் பொதுமையின் செலவு மெல்ல மெல்லத் திரும்பி வந்துவிடும். ஒரே வேலைக்கென உருவானதால் கிடைத்த வேகமும் கைநழுவிப்போகும்.

லிஸ்ப் இயந்திரங்களின் தோல்வி

ஒரு முழுப் பணிநிலையத்தையே ஒரு மொழிக்காகச் செதுக்கிய முயற்சி லிஸ்ப் இயந்திரம். செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் விரும்பிப் பயன்படுத்திய லிஸ்ப் மொழியில், ஒரு மாறி எண்ணைக் குறிக்கிறதா, பட்டியலைக் குறிக்கிறதா என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியும். சாதாரணச் செயலியில் ஒவ்வொரு கூட்டலுக்கும் முன் இரண்டு மதிப்புகளின் வகையையும் சோதிக்கக் கூடுதல் கட்டளைகள் வேண்டும். எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் கிரீன்பிளாட், டாம் நைட் முதலியோர் இதற்கு வன்பொருளிலேயே தீர்வு கண்டார்கள். அங்கிருந்து பிறந்த நிறுவனங்களில் ஒன்றான சிம்பாலிக்ஸ் 1983இல் வெளியிட்ட 3600 கணினியில் ஒரு சொல்லின் நீளம் 36 பிட். மதிப்போடு சேர்த்து அதன் வகையைக் குறிக்கும் அடையாள பிட்டுகளும் அதில் இருந்தன. கூட்டலும் வகைச் சோதனையும் ஒரே நேரத்தில் நடக்கும். வகை பொருந்தாவிட்டால் மட்டும் வேலை தடைப்படும். மிக நேர்த்தியான வடிவமைப்பு அது. விலை ஒரு லட்சம் டாலர் அளவில் இருந்தது.

அதே காலத்தில் ஸ்டான்ஃபோர்டு மாணவர் ஆண்டி பெக்டோல்ஷைம், மோட்டோரோலா 68000 என்ற கடைச்சரக்குச் சில்லைக் கொண்டு ஒரு பணிநிலையம் கட்டினார். 1982இல் தொடங்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸின் முதல் கணினி அதுதான். 68000க்குக் குறைகள் இருந்தன. தேவையான தரவுப் பக்கம் நினைவகத்தில் இல்லாமல் வட்டில் இருக்கும்போது கட்டளையைப் பாதியில் நிறுத்தி, பிறகு விட்ட இடத்தில் தொடர அதனால் முடியாது. அப்பல்லோ நிறுவனம் 1981இல் தன் டி.என். 100 கணினியில் இரண்டு 68000 சில்லுகளை வைத்து இதைச் சமாளித்தது. ஒன்று தடைப்பட்டு நிற்கும்போது மற்றது அந்தப் பக்கத்தைக் கொண்டுவரும். தனிச் சில்லு ஒன்றை வடிவமைப்பதைவிட மலிவான பொதுச் சில்லு இரண்டை வைப்பது சிக்கனமாக இருந்தது. அடுத்து வந்த 68010 சில்லிலேயே இக்குறை தீர்ந்துவிட்டது.

மோட்டோரோலாவின் சில்லு மேகின்டாஷ், அமிகா போன்ற வீட்டுக் கணினிகளிலும் லட்சக்கணக்கில் விற்றது. அந்த வருவாய் அடுத்தடுத்த தலைமுறைச் சில்லுகளுக்குச் செலவிடப்பட்டது. லிஸ்ப் இயந்திரங்களோ மொத்தத்தில் சில ஆயிரம்தான் விற்றன. லூசிட், ஃபிரான்ஸ் போன்ற நிறுவனங்கள் பொதுச் செயலிகளுக்கு நல்ல லிஸ்ப் தொகுப்பிகளை எழுதியதும், தனி இயந்திரத்தின் மேன்மை இன்னும் சுருங்கியது. 1987இல் லிஸ்ப் இயந்திரச் சந்தை சரிந்தது.

காலத்தோடு ஒரு கணக்கு

இந்தத் தோல்விக்குப் பின்னால் உள்ள கணக்கை எளிதாகப் போட்டுப் பார்க்கலாம். ஜான் ஹென்னசி, டேவிட் பேட்டர்சன் இருவரும் தொகுத்த அளவீடுகளின்படி, 1986 முதல் 2003 வரை பொதுச் செயலியின் வேகம் ஆண்டுக்குச் சுமார் 52 விழுக்காடு வளர்ந்தது. அந்த வீதத்தில் 3 மடங்கு மேன்மை கரைய 2.6 ஆண்டு போதும். 10 மடங்கு மேன்மைகூட ஐந்தரை ஆண்டில் காணாமற்போகும். சிறப்புச் செயலியை வடிவமைக்க மூன்று ஆண்டு ஆகிறதென்றால், 3 மடங்கு மேன்மையை நம்பித் தொடங்கிய திட்டம் சந்தைக்கு வருமுன்பே தோற்றிருக்கும். வடிவமைப்பாளர் திறமை குறைந்தவர் என்பதால் இது நேரவில்லை. ஓடும் படிக்கட்டோடு போட்டியிட்டு ஏறியதன் விளைவு இது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த வாதம் இதுதான்: ஒரு பகுதியை எவ்வளவு விரைவுபடுத்தினாலும், விரைவுபடாத மீதிப் பகுதியே மொத்த நேரத்துக்கு எல்லை வகுக்கும். நூறு நிமிட வேலையில் எண்பது நிமிடப் பகுதியைச் சிறப்புச் செயலி பத்து மடங்கு விரைவாக முடித்தால், அது எட்டு நிமிடமாகக் குறையும். மீதி இருபது நிமிடம் அப்படியே இருக்கும். மொத்தம் 28 நிமிடம். பத்து மடங்கு என்று விளம்பரப்படுத்திய சில்லு பயனருக்குத் தருவது மூன்றரை மடங்குதான்.

ஐரிஸ்: வென்ற சிறப்புச் செயலி

இவ்விரு கணக்குகளிலும் தேறிய வடிவமைப்பு ஒன்று அதே 1980களில் உருவானது. ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் கிளார்க் தம் மாணவர்களுடன் உருவாக்கிய ஜியோமெட்ரி எஞ்சின் என்ற சில்லு, முப்பரிமாண உருவைத் திரையின் இரு பரிமாணத்துக்கு மாற்றும் கணக்கை மட்டும் செய்தது. 1982இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் பன்னிரண்டு சில்லுகள் வரிசையாக நின்றன. முதல் நான்கு புள்ளிகளைச் சுழற்றி நகர்த்தின. அடுத்த ஆறு பார்வைக்கு வெளியே விழும் பகுதிகளை வெட்டின. கடைசி இரண்டு திரையின் அளவுக்குப் பொருத்தின. எல்லாம் சேர்ந்து நொடிக்குச் சுமார் 50 லட்சம் மிதவைப்புள்ளிக் கணக்குகளைச் செய்யும். அன்றைய 68000 வகைச் சில்லில் மிதவைப்புள்ளிக் கணக்குக்கு வன்பொருளே கிடையாது. ஒரு பெருக்கலை மென்பொருளால் செய்ய நூற்றுக்கணக்கான கடிகாரத் துடிப்புகள் தேவைப்பட்டன. மேன்மை மூன்று மடங்கில் நிற்காமல் எங்கோ உயரத்தில் இருந்தது.

கிளார்க் தொடங்கிய சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் ஐரிஸ் பணிநிலையங்கள் வெற்றி பெற்றதற்கு மேலும் மூன்று காரணங்கள் உண்டு. ஒரு புள்ளியை 4க்கு 4 அணியால் பெருக்குவது வடிவியல் விதி. அது மொழியோடும் நாகரிகத்தோடும் மாறாது. முப்பரிமாணப் படத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் ஒன்றையொன்று சாராதவை. ஆகவே மொத்த வேலையில் பெரும்பகுதி சிறப்புச் செயலிக்குள் அடங்கிவிடும். மூன்றாவதாக, ஐரிஸின் உள்ளே சாதாரணப் பொதுச் செயலி ஒன்றும் இருந்தது. தொடக்கத்தில் 68000 வகை, பிறகு மிப்ஸ் வகை என அதை மாற்றிக்கொண்டே போக முடிந்தது. லிஸ்ப் இயந்திரம் முழுவதையும் தன் தோளில் சுமந்தது. ஐரிஸ் வளர்கிற பகுதியை வளர்பவர்களிடமே விட்டு, நிலையான பகுதியை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டது.

பெருஞ்சில்லுக்குள் கரைந்தவை

சிறப்புச் செயலிகளில் பல தோற்கவுமில்லை, தனித்து வாழவுமில்லை. பொதுச் சில்லுக்குள் கலந்துவிட்டன. இன்டெல் 1980இல் வெளியிட்ட 8087, மிதவைப்புள்ளிக் கணக்குக்கான துணைச் செயலி. 1981இல் வந்த ஐ.பி.எம். தனிநபர் கணினியில் அதற்கென்று ஒரு பொருத்துமிடம் காலியாக விடப்பட்டிருந்தது. தேவைப்படுபவர் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். 1989இல் 80486 வந்தபோது அந்தத் துணைச் செயலி முதன்மைச் சில்லின் உள்ளேயே அமைந்துவிட்டது. அரிவாள்மனையின் நுனியிலேயே தேங்காய் துருவும் பல் அமைந்திருப்பதைப் போன்றது இது: வேலை தனி, பலகை ஒன்று. ஒரு வேலை எல்லாருக்கும் தேவைப்படத் தொடங்கி, டிரான்சிஸ்டர்களும் மலிவாகிவிட்டால், தனிச் சில்லாக நீடிக்க அதற்குக் காரணம் இருப்பதில்லை.

படிக்கட்டு நின்றபோது

டிரான்சிஸ்டர் சிறிதாகும்போது அதன் மின்னழுத்தத்தையும் அதே வீதத்தில் குறைத்துவிட்டால், சில்லின் வெப்பம் கூடாது. ராபர்ட் டெனார்டு குழுவினர் 1974இல் வகுத்த இந்த விதி முப்பது ஆண்டுகள் வேலை செய்தது. 2000களின் நடுவில் மின்னழுத்தத்தை அதற்குமேல் குறைக்க முடியாத நிலை வந்தது. டிரான்சிஸ்டர்களில் மின்கசிவு பெருகியது. 2004இல் 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டிய பென்டியம் 4க்குப் பிறகு, துடிப்பு வேகம் பல ஆண்டுகள் அதே அளவில் தேங்கியது. ஹென்னசி, பேட்டர்சன் கணக்கின்படி 2015 முதல் 2018 வரை பொதுச் செயலியின் ஆண்டு வளர்ச்சி சுமார் 3.5 விழுக்காடு மட்டுமே. இந்த வீதத்தில் 10 மடங்கு மேன்மை கரைய 67 ஆண்டுகள் ஆகும்.

வடிவமைப்பாளரின் பார்வையே இதனால் மாறியது. டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை மட்டும் தொடர்ந்து பெருகியதால், ஒரு சில்லில் உள்ள அனைத்தையும் ஒரே நேரத்தில் இயக்கினால் வெப்பம் தாங்காது என்ற நிலை உருவானது. எப்படியும் ஒரு பகுதி அணைந்தே கிடக்க வேண்டும். அந்த இடத்தில், தேவைப்படும்போது மட்டும் விழிக்கிற சிறப்புச் செயலிகளை வைப்பது அறிவார்ந்த செயல். 2020இல் வந்த ஆப்பிள் எம்1 சில்லின் 1,600 கோடி டிரான்சிஸ்டர்களில் பொதுக் கருக்களோடு (தனித்தனியே நிரலை ஓட்டும் செயலிப் பகுதிகளோடு) வரைகலை, காணொளி, நரம்பு வலைக் கணக்கு ஆகியவற்றுக்கான தனிப் பகுதிகளும் இடம்பெற்றன.

காணொளித் தொகுப்பில் நடந்த ஒரு மாற்றம் இப்பாதையைச் சுருக்கமாகக் காட்டுகிறது. ஆப்பிள் 2019இல் மேக் ப்ரோ பணிநிலையத்துக்காக ஆஃப்டர்பர்னர் என்ற அட்டையை விற்றது. விலை 2,000 டாலர். புரோரெஸ் வகைக் காணொளியை விரிப்பதே அதன் வேலை. அதன் உள்ளே இருந்தது எஃப்.பி.ஜி.ஏ., அதாவது தயாரிப்புக்குப் பிறகும் உள்ளிணைப்புகளை மாற்றி அமைக்கக்கூடிய சில்லு. தேவை உறுதியானதும், 2021இல் வந்த எம்1 ப்ரோ சில்லில் அதே வேலைக்கான சுற்று நிலையாகப் பதிக்கப்பட்டது. மாற்றக்கூடிய சில்லில் சோதித்துப் பார்த்து, பிறகு நிலையான சில்லில் பதிக்கும் இந்த முறை அவசரத் தவறுகளைத் தவிர்க்கிறது.

வரைகலைச் செயலி பொதுச் செயலியாகிறது

சக்கரம் எதிர்த்திசையிலும் சுழன்றது. 1999இல் வந்த என்விடியா ஜீஃபோர்ஸ் 256, ஜியோமெட்ரி எஞ்சின் செய்த வேலையை விளையாட்டுக் கணினிக்கான மலிவு அட்டைக்குக் கொண்டுவந்தது. 68000 லிஸ்ப் இயந்திரத்தை வீழ்த்திய அதே எண்ணிக்கை வலிமை இப்போது சிலிக்கான் கிராஃபிக்ஸுக்கு எதிராகத் திரும்பியது. 2006இல் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. 2001இல் ஜீஃபோர்ஸ் 3 சிறு நிரல்களை ஏற்றது. 2006இல் ஜீஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் அட்டையில் 128 ஒரே மாதிரிக் கருக்கள் இருந்தன. அவற்றுக்குப் பொதுக் கணக்கீடுகளை எழுத கூடா என்ற நிரலமைப்பும் வந்தது. 2012இல் டொரண்டோ பல்கலைக்கழகக் குழு, படங்களை இனங்காணும் அலெக்ஸ்நெட் நரம்பு வலையை ஜிடிஎக்ஸ் 580 வகை அட்டைகள் இரண்டில் பயிற்றுவித்தது.

அந்த வேலை பெருகியதும் அதற்கும் தனிச் சில்லு பிறந்தது. கூகுள் 2015 முதல் தன் தரவு மையங்களில் பயன்படுத்திய டிபியு சில்லில் 65,536 எட்டு பிட் பெருக்கிகள் சதுர வரிசையில் நின்றன. 2017இல் வெளியான அளவீட்டில் அது சமகாலச் செயலிகளைவிட 15 முதல் 30 மடங்கு வேகம் காட்டியது. அதே ஆண்டில் என்விடியா தன் வரைகலைச் செயலிக்குள்ளேயே அணிப் பெருக்கலுக்கான டென்சர் கருக்களைச் சேர்த்தது. மையரும் சதர்லேண்டும் சொன்ன சக்கரம் இன்னொரு சுற்று வந்துவிட்டது.

இன்றைய தேர்வு

இன்று பணிநிலையம் அமைப்பவர் முதலில் அளக்க வேண்டியது, தம் வேலை நேரத்தில் எத்தனை விழுக்காடு ஒரே வகைக் கணக்கில் கழிகிறது என்பதை. இயந்திர வரைபடம் வரையும் மென்பொருட்களில் பல கணக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்கும். அங்கே வேகமான பொதுக் கரு ஒன்று, பெரிய வரைகலை அட்டையைவிட அதிகம் உதவும். ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து படம் தீட்டும் வேலையில் நிலைமை தலைகீழ்.

இரண்டாவது, தரவின் பயணம். ஜீஃபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டை தன் 24 கிகாபைட் நினைவகத்தோடு நொடிக்குச் சுமார் 1,000 கிகாபைட் பேச முடியும். பொதுச் செயலிக்கும் அந்த அட்டைக்கும் இடையிலுள்ள பாதையிலோ ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 32 கிகாபைட்தான் செல்லும். தரவு 24 கிகாபைட்டுக்குள் அடங்காமல் அடிக்கடி போய்வர நேர்ந்தால், அட்டையின் வேகம் பாதையின் வேகமாகச் சுருங்கிவிடும்.

மூன்றாவது, துல்லியம். அதே அட்டையில் 64 பிட் மிதவைப்புள்ளிக் கணக்கு, 32 பிட் கணக்கின் 64இல் ஒரு பங்கு வேகத்தில்தான் நடக்கும். விளையாட்டுக்கும் நரம்பு வலைக்கும் இது பொருட்டில்லை. கட்டடத்தின் தாங்குதிறனை இரட்டைத் துல்லியத்தில் கணக்கிடும் பொறியாளருக்கு இது பெரிய குறை. அவர் பல கருக்கள் கொண்ட பொதுச் செயலியையோ, இரட்டைத் துல்லியத்துக்கென்று உருவான கணிப்பு அட்டையையோ நாட வேண்டும்.

நான்காவது, வேலையின் ஆயுள். காணொளிச் சுருக்க முறை ஒன்று தரநிலையாக நிலைபெற்றுவிட்டால், அதற்கான சுற்று பத்தாண்டும் பயன்படும். ஆண்டுக்கு ஒரு முறை மாறும் வழிமுறைகளுக்கு நிரலேற்றக்கூடிய செயலியே பாதுகாப்பு. கடைசியாக, அந்தச் செயலிக்கான தொகுப்பியும் நிரல்களும் எத்தனை ஆண்டு பராமரிக்கப்படும் என்பது. சில்லு நன்றாக இருந்தும் மென்பொருள் கைவிடப்பட்டால், மேசையில் இருப்பது வெறும் சிலிக்கான் துண்டு.

இந்த ஐந்துக்கும் சாதகமான விடை வருமானால் சிறப்புச் செயலி தன் விலைக்கு மேல் பயன் தரும். ஒன்றிரண்டில் ஐயம் இருந்தால், ஐரிஸ் காட்டிய வழி கைகொடுக்கும்: மாறாத கணக்கைச் சிறப்புச் செயலியிடமும், மாறக்கூடிய மற்றெல்லாவற்றையும் பொதுச் செயலியிடமும் ஒப்படைப்பது, இரண்டில் எதையும் மற்றதைக் கலைக்காமல் மாற்றும்படி இடைமுகத்தைத் தெளிவாக வகுப்பது.